"மலர் 4" என்றால் எந்த மலர்? துணைநூற்பட்டியலில் இதழ்க் கட்டுரைகளை எழுதும் முறை

சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக் கதவைத் தட்டுவது பெரும்பாலும் முதுகலை மாணவர்கள்தான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி, நான்காவது மாடி, லிஃப்ட் இருந்தும் இல்லாத மாதிரி. மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, "ஆண்ட்டி, ஆய்வேடு முடிஞ்சிருச்சு. துணைநூற்பட்டியல மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். கொஞ்சம் என்பது பன்னிரண்டு பக்கம் இருக்கும். திங்கட்கிழமை பைண்டிங் கடையில் கொடுத்தாக வேண்டும் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

நான் பேராசிரியர் இல்லை. எஸ்டிபிஎம் (இங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்துவிட்டு ஒரு நூலகத்தில் சேர்ந்து, இருபத்தேழு வருடம் இதழ்ப் பகுதியில் வேலை பார்த்தவள். அப்போதெல்லாம் பழைய இதழ்கள் இருக்கும் அடுக்கறைக்குள் வாசகர்களை விடமாட்டோம். வேண்டியதை ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நாங்கள் உள்ளே போய் எடுத்து வருவோம். சீட்டு சரியாக இருந்தால் மூன்று நிமிட வேலை. ஓர் எண் பிசகினால் அரை நாள் போய்விடும், தும்மல் வேறு. துணைநூற்பட்டியலை இன்றைக்கும் நான் அந்தச் சீட்டாகத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு பதிவையும் படித்துவிட்டு, இதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்தக் கட்டுரையோடு வெளியே வருவேனா என்று கேட்டுப் பார்ப்பேன். புள்ளி எங்கே, காற்புள்ளி எங்கே என்ற சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் தலைகீழாகச் செய்கிறார்கள். காற்புள்ளிக்கு ஒரு ராத்திரி விழிக்கிறார்கள், இதழின் எண்ணை எழுதவே இல்லை.

இதழ் கையில் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரையை மட்டும் ஃபோட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டு போய்விட்டு, மூன்று மாதம் கழித்து "ஆண்ட்டி, இது எந்த இதழ்னு தெரியல" என்று கொண்டுவருவார்கள். கைப்பேசியில் நான்கு படம் போதும்: அட்டை, உள்ளடக்கம், கட்டுரையின் முதல் பக்கம், கடைசிப் பக்கம். பைண்ட் செய்த தொகுதியாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தைப்பதற்கு முன்னால் அட்டைகளைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். முதுகில் பொன்னெழுத்தில் இருக்கும் ஆண்டு பைண்டர் போட்டது, இதழ்க்காரர் போட்டதல்ல. இரண்டு வருட இதழ்களைச் சேர்த்துத் தைத்துவிட்டு முதுகில் ஒரு வருடத்தை மட்டும் அடித்து வைத்ததை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்ளே தலையங்கப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நம்ப வேண்டும்.

வடிவத்துக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் ஏபிஏ நடைதான், அதாவது அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறைதான், கேட்டிருப்பார்கள். இப்போது புழக்கத்தில் இருப்பது 2019இல் வந்த ஏழாம் பதிப்பு. ஆய்விதழ்க் கட்டுரைக்கு அது சொல்வது இப்படி:

ஆசிரியர். (ஆண்டு). கட்டுரைத் தலைப்பு. இதழின் பெயர், தொகுதி(எண்), முதல் பக்கம்–கடைசிப் பக்கம்.

கட்டுரைத் தலைப்புக்கு மேற்கோள் குறி வேண்டாம், சாய்வெழுத்தும் வேண்டாம். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும். அடைப்புக்குள் வரும் எண் நேரெழுத்து. தொகுதிக்கும் அடைப்புக்கும் நடுவே இடைவெளி கிடையாது. பக்க எண்ணுக்கு முன்னால் 'பக்.' போட வேண்டியதில்லை. தமிழில் சாய்வெழுத்து சரியாக அமையாத எழுத்துருக்கள் நிறைய இருக்கின்றன. கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பதில் தடித்த எழுத்துப் போடலாமா என்று மேற்பார்வையாளரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். எது போட்டாலும் முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை அதுவே இருக்கட்டும்.

ஒரு நிஜக் கட்டுரையை வைத்துக் காட்டுகிறேன். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1855 பிப்ரவரியில் சரவாக்கில் உட்கார்ந்து, புதிய உயிரினங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'சரவாக் விதி' என்பது அதுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் அச்சானது. இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் ஆங்கிலக் கட்டுரை ஆங்கில எழுத்திலேயே இருக்க வேண்டும்:

வாலஸ், ஏ. ஆர். (1855). ஆன் தி லா விச் ஹேஸ் ரெகுலேட்டட் தி இன்ட்ரொடக்‌ஷன் ஆஃப் நியூ ஸ்பீஷீஸ். ஆன்னல்ஸ் அண்ட் மேகசின் ஆஃப் நேச்சுரல் ஹிஸ்டரி, 16(93), 184–196.

இதைக் காட்டினால் பாதிப் பேர், "ஆண்ட்டி, மேகசின்னு போட்டிருக்கே, அப்ப இது சஞ்சிகைதானே?" என்று கேட்பார்கள். இல்லை, பெயரில் மேகசின் இருந்தாலும் அது அறிவியல் ஆய்விதழ். பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. கட்டுரையாளர் யாருக்காக எழுதினார், அடிக்குறிப்பும் மேற்கோளும் இருக்கின்றனவா, வெளியிடுவது ஆய்வுக் கழகமா வார இதழ் நிறுவனமா என்று பார்க்க வேண்டும். இன்னொரு சங்கடமும் இதில் உண்டு. அந்த இதழ் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை 'புதிய வரிசை' என்று சொல்லித் தொகுதி எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வாலஸ் கட்டுரை இரண்டாம் வரிசையின் 16ஆம் தொகுதியில் இருக்கிறது. வெறும் '16' என்று என்னிடம் சீட்டுக் கொடுத்தால், அடுக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பதினாறுகள் என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆண்டு கூடவே இருப்பதால்தான் பிழைத்தோம். பழைய இதழ்களில் வரிசை எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சஞ்சிகைக் கட்டுரைக்கு ஒரே ஒரு பெரிய மாற்றம்தான்: ஆண்டோடு நிறுத்தாமல் மாதத்தையும், வார இதழானால் நாளையும் எழுத வேண்டும். (1978, மே 14) என்ற மாதிரி. மாத இதழுக்கு (1978, மே) போதும். தொகுதி, எண் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இல்லாத எண்ணை நீங்களாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரே இதழாக வந்திருந்தால் 12(3–4) என்று எழுதலாம்.

இதுவரை ஆங்கிலக் கையேடுகளிலேயே கிடைக்கும். தமிழ் இதழ்களுக்கு அவை உதவாது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பெரியவர் 'தமிழ்ப் பொழில், மலர் 4' என்று சீட்டுக் கொடுத்தார். மலர் என்றால் தொகுதி, நமக்குத் தெரியாதா என்று நான்காவது ஆண்டுத் தொகுதியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் சிரித்துவிட்டு, "அம்மா, இவங்க ஊர்ல மலர்னா மாச இதழ்" என்றார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நடத்திய அந்த இதழில் ஆண்டுத் தொகுதிக்குப் பெயர் 'துணர்', ஒவ்வோர் இதழுக்கும் பெயர் 'மலர்'. துணர் என்றால் பூங்கொத்து. கொத்துக்குள் பூக்கள். அழகுதான், ஆனால் அன்றைக்கு எனக்கு அழகாகத் தெரியவில்லை. செந்தமிழ்ச் செல்வியை எடுத்தால் தொகுதி 'சிலம்பு', இதழ் 'பரல்'. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழில் தொகுதி, பகுதி. மற்ற எத்தனையோ பத்திரிகைகளில் மலர் என்பது தொகுதி, இதழ் என்பது எண். இது போதாதென்று தீபாவளி மலர், பொங்கல் மலர், ஞாயிறு மலர் என்று சிறப்புப் பதிப்புகளும் மலர்தான்!

அதனால் 'மலர்' என்று கண்டதும் கை தானாக எழுத விடாதீர்கள். பெரியது எது, அதற்குள் அடங்கியது எது என்று இதழைப் புரட்டிப் பாருங்கள். பெரியது அடைப்புக்கு வெளியே வரும், சிறியது உள்ளே. துணர் 27, மலர் 4 என்றால் 27(4). சிலம்பு 25, பரல் 3 என்றால் 25(3). தீபாவளி மலருக்கு எண் இருக்காது. இதழின் பெயருக்குப் பின்னால் 'தீபாவளி மலர்' என்றே எழுதிவிட்டு ஆண்டைக் கவனமாகப் போடுங்கள். அடுக்கறைக்குள் போகிறவருக்கு அது போதும். மலாய் இதழ்களில் 'ஜிலிட்' தொகுதி, 'பிலாங்கான்' எண் என்பது இங்கே படித்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆண்டு இன்னொரு பொறி. ஒரு பெண் தன் பட்டியலில் ஒரு கட்டுரைக்கு 2018 என்று போட்டிருந்தாள். ஃபோட்டோஸ்டேட்டைப் பார்த்தால் ஈய எழுத்து, விலை காசில். எப்படி 2018 ஆகும்? அட்டையில் இருந்தது திருவள்ளுவர் ஆண்டு. 31ஐக் கழித்தால் 1987. "அலாமா ஆண்ட்டி, நல்லவேளை" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயர்கள் இதைவிட மோசம். 'குரோதி, தை' என்று மட்டும் அச்சிட்டிருந்தால், குரோதி 1904இலும் தொடங்கியிருக்கிறது, 1964இலும் தொடங்கியிருக்கிறது, 2024இலும் தொடங்கியிருக்கிறது. தாளையும் விளம்பரத்தையும் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு படி உண்டு. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. ஆகவே 1964இல் பிறந்த குரோதியின் தை மாதம் 1965 ஜனவரியில்தான் வரும். மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரைக்கும் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை மறந்து ஒரு வருடம் முன்னால் போட்டவர்கள் ஏராளம்.

பெயர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பால் விடாத தே ஓ இரண்டு கப் வேண்டும். கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே மேற்கோள் குறியைத் தட்டினால் பதிவு தயாராக வந்து விழுகிறது. அதை அப்படியே ஒட்டுகிறார்கள். கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று அந்த இயந்திரம் நினைத்துக்கொண்டிருக்கிறது. வரலாற்றுப் பேராசிரியர் கூ கே கிம் அதில் 'கிம், கே. கே.' ஆகிவிடுவார். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். அவர் 'கூ, கே. கே.'. மகாதீர் முகமதுவில் முகமது என்பது அவருடைய தந்தை பெயர். மலாய்ப் பெயர்களைத் திருப்பாமல் உள்ளபடியே எழுதுவதுதான் இங்கே வழக்கம். நம் ஆட்களின் அடையாள அட்டையில் வரும் ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்) இரண்டும் பெயரில் சேராது. அவற்றுக்கு முன்னால் இருப்பதுதான் அவருடைய பெயர், பின்னால் இருப்பது அப்பா பெயர்.

தமிழில் முன்னெழுத்து இருந்தால் பெயரை முன்னால் வைத்து, காற்புள்ளிக்குப் பின் முன்னெழுத்தைப் போடுவது எளிது. ஆனால் பட்டங்களை உதிர்த்துவிட வேண்டும்: டாக்டர், டத்தோ, அடிகள், கவிஞர் எதுவும் வேண்டாம். தனிநாயகம் அடிகளைப் பற்றி இங்கே ஆய்வு செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழைத் தொடங்கியவர். 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடக்க முன்நின்றவர். ஆங்கிலத்தில் அவர் பெயரைத் 'தனி' தனியாக, 'நாயகம்' தனியாக அச்சிட்டிருப்பார்கள். ஒரு தம்பியின் பட்டியலில் அவர் 'அடிகள்' என்று அகரத்தில் ஒரு முறை, 'தனிநாயகம்' என்று தகரத்தில் ஒரு முறை, 'நாயகம்' என்று நகரத்தில் ஒரு முறை, மூன்று ஆளாக நின்றார். மூவரையும் ஒருவராக்கித் தகரத்தில் உட்கார வைத்தோம்.

புனைபெயரில் எழுதிய கட்டுரைக்குப் புனைபெயரையே போடுங்கள். உங்களுக்கு நிஜப் பெயர் தெரியும் என்பதற்காக மாற்றினால், இதழில் தேடுகிறவருக்கு அந்தப் பெயர் கிடைக்காது. எழுதியவர் பெயரே இல்லாவிட்டால் கட்டுரைத் தலைப்பு முதலில் வந்து, ஆண்டு அடுத்து வரும். பல ஆசிரியர்கள் என்றால் ஏபிஏயில் இருபது பேர் வரைக்கும் எல்லோரையும் எழுத வேண்டும். தமிழ் ஆய்வில் அந்தக் கவலை உங்களுக்கு வராது.

நாளிதழ்க் கட்டுரைகளும் சஞ்சிகை போலத்தான், ஆனால் முழுத் தேதியும் பக்கமும் கட்டாயம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனில் வந்த ஒரு கதையைத் தேதியில்லாமல் '1956' என்று மட்டும் எழுதினால், ஒரு வருட நுண்படச் சுருளை முழுக்கச் சுற்ற வேண்டும். நான் சுற்றியிருக்கிறேன். கண் போய்விடும். ஞாயிறு பதிப்பானால் அதையும் சொல்லுங்கள். பக்க எண் தனியாக ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

இணையத்தில் படித்த ஆய்விதழ்க் கட்டுரைக்கு டிஓஐ எண், அதாவது அந்தக் கட்டுரைக்கென்றே கொடுத்த நிரந்தர அடையாள எண், இருந்தால் கடைசியில் அதைச் சேர்க்க வேண்டும். 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, சில எண்கள், சாய்கோடு, பிறகு எண்ணோ எழுத்தோ கலந்த ஒரு நீளமான தொடர். மேலே சொன்ன வாலஸ் கட்டுரைக்கே இப்போது 10.1080/037454809495509 என்று ஒன்று இருக்கிறது. ஏழாம் பதிப்பில் இதை முழு இணைய முகவரியாக எழுத வேண்டும், வரியின் முடிவில் புள்ளி வைக்கக் கூடாது. டிஓஐ இருந்தால் எந்தத் தரவுத்தளத்தில் படித்தீர்கள், எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதெல்லாம் தேவையில்லை. சில இணைய ஆய்விதழ்களில் பக்க எண்ணே கிடையாது, கட்டுரைக்கென்று ஓர் எண் இருக்கும். அப்போது 'கட்டுரை' என்று எழுதி அந்த எண்ணைப் போடுங்கள். பிடிஎஃப் பதினான்கு பக்கம் இருக்கிறது என்று 1–14 என எழுதுவது பெரிய தப்பு.

ஏபிஏக்குப் பதில் எம்எல்ஏ என்ற மேற்கோள் நடையைக் கேட்டால் கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள் போகும், ஆண்டு பின்னால் போகும், தொகுதி, எண், பக்கம் என்ற சொற்களைச் சுருக்கி எழுத வேண்டும். வரலாற்றுத் துறைக்காரர்கள் சிகாகோ நடை கேட்டால் அடிக்குறிப்பில் நீங்கள் எடுத்தாண்ட பக்கம், பட்டியலில் கட்டுரை முழுவதன் பக்கங்கள். இந்தக் கடைசி விஷயம் ஏபிஏக்கும் பொருந்தும். உரைக்குள் (வாலஸ், 1855, ப. 186) என்று வரலாம்; பட்டியலில் 184–196 என்றுதான் வர வேண்டும்.

ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து, கட்டுரை தமிழில் இருந்தால், தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துவிட்டுச் சதுர அடைப்புக்குள் பொருளைக் கொடுக்க வேண்டும். ழகரத்துக்கு எந்த எழுத்து என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒரே பட்டியலில் 'தமிழ்' என்ற சொல்லே மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

வேறொருவர் ஆய்வேட்டில் படித்த கட்டுரையைத் தான் படித்த மாதிரி பட்டியலில் சேர்ப்பவர்களும் வருவார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: அந்த ஆளின் பிழையும் கூடவே வந்திருக்கும். நீங்கள் கண்ணால் பார்த்தது எதுவோ அதுதான் பட்டியலில் இருக்க வேண்டும். மற்றதை உரைக்குள் இன்னார் வழியாக என்று சொல்லிவிடலாம்.

ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து வைப்பது நல்லதுதான். அதில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு பெட்டிகள் இருக்கும். பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானைத் தட்டினால் ஒரே பெட்டியாகும். மலாய்ப் பெயருக்கும் புனைபெயருக்கும் ஒற்றைப் பெட்டிதான் சரி. அகர வரிசையை மட்டும் கணினியிடம் விட்டுவிடாதீர்கள். நம் வரிசையில் மகரத்துக்குப் பின்னால்தான் னகரம், கணினிக் குறியீட்டில் னகரம் முன்னால். ஆகவே அமுதாவுக்கு முன்னால் அன்பு வந்து நிற்கும். ஜகரமும் சகரத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் பட்டியலைத் தாளில் அச்சிடுங்கள், திரையில் பார்த்தால் பிழை தெரியாது. ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, உரையில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் பட்டியலில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோடு விழாதவை வெளியே போகட்டும். உரையில் இருந்து பட்டியலில் இல்லாதவற்றை ஓரத்தில் எழுதுங்கள்.

பிறகு நான் ஒரு வேலை கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் ஐந்து இடத்தில் விரல் வைக்கச் சொல்வேன். அந்த ஐந்தையும் துண்டுச் சீட்டில் எழுதி, ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு நண்பனை நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். போன மாதம் ஒரு தம்பி தன் அறை நண்பனை அனுப்பினான், அவன் பொறியியல் படிக்கிறவன். மழையில் நனைந்துகொண்டு எல்ஆர்டி ரயில் பிடித்து வந்தவன் ஐந்தில் மூன்றைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்திருந்தான். நான்காவதில் தொகுதியும் எண்ணும் இடம் மாறியிருந்தன. ஐந்தாவது தமிழ்ப் பொழில். "ஆண்ட்டி, மலர் 11னு போட்டிருக்கு, ஆனா பதினொன்னாவது தொகுதியில அந்தக் கட்டுரையே இல்ல" என்றான். பைண்டிங் புதன்கிழமைக்குப் போனது.